வெருகின் பறழும் வரலாற்றின் பாடமும்

பூனை நம் முன்னோர்க்குப் புதிய விலங்கன்று. பழந்தமிழர் அதனை வெருகு என்றும் பூசை என்றும் வழங்கினர். இளமைப் பெயர்களை வகுத்துரைக்கும் மரபியலில் தொல்காப்பியர், கீரி, எலி, அணில் ஆகியவற்றோடு வெருகையும் ஒருங்கே வைத்து, அவற்றின் இளமைக்குக் ‘குட்டி’ என்னும் பெயரை உரியதாக்கினார். ‘பறழ்’ என்றாலும் வழுவன்று என்றார். ஓர் உயிரின் இளமைக்குத் தனிப்பெயர் சூட்டிய சமுதாயம், அவ்வுயிரின் இளமையைக் கூர்ந்து நோக்கிய சமுதாயமாகத்தான் இருந்திருக்க வேண்டும். அந்த இளமையைக் கூட்டமாக வாரிக்கொண்டு செல்லும் ஒரு நோயின் வரலாற்றை இங்கே காண்போம்.

தோட்டப்புற வீடுகளிலும் நகரத்து அடுக்குமாடிகளிலும் பூனை வளர்த்தவர்கள் இத்துயரை அறிவர். நேற்றுவரை ஒன்றன்மேல் ஒன்று பாய்ந்து விளையாடிய குட்டிகளுள் ஒன்று திடீரென உணவை மறுத்து மூலையில் ஒடுங்குகிறது. காய்ச்சலும் வாந்தியும் காண்கின்றன. பின்னர்க் கழிச்சல் தொடர்கிறது. நீர்க் கிண்ணத்தின்மேல் தலையைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கும். ஆனால் ஒரு துளியும் பருகாது. ஓரிரு நாளில் அது மடிய, அடுத்த குட்டி ஒடுங்கத் தொடங்குகிறது. ஒரு வாரம் முடிவதற்குள் ஓர் ஈற்றுக் குட்டிகள் அனைத்தும் மாண்டுபோவதும் உண்டு. தாய்ப்பூனையோ நோயின் அறிகுறி எதுவுமின்றிக் குட்டிகளைத் தேடி அலைகிறது.

இத்தகைய திடீர்ச் சாவைக் கண்டவர்களின் உள்ளத்தில் முதலில் எழுவது ஐயம். “யாரோ நஞ்சு வைத்துவிட்டார்கள்” என்பதே பலரும் சொல்லும் முடிவு. அந்த ‘யாரோ’ பெரும்பாலும் வேலிக்கு அப்பால் இருப்பவராகவே கருதப்படுவார். சான்றின்றிச் சுமத்தப்பட்ட அப்பழியால் பேச்சற்றுப்போன அண்டை வீடுகள் உண்டு. நம் நாட்டில் மட்டுமன்று, மேலை நாடுகளிலும் இந்நோய் நஞ்சூட்டல் என்றே பலகாலும் தவறாகக் கருதப்பட்டது.

உண்மையை நோக்கிய பாதை மெல்லத் திறந்தது. நுண்ணுயிரிகளைத் தடுத்து நிறுத்தும் பீங்கான் வடிகட்டியைப் பிரான்சு நாட்டின் சேம்பர்லாந்து 1884இல் உருவாக்கினார். அத்தகைய வடிகட்டியையும் கடந்து செல்லும் நோய்க்காரணி ஒன்று உண்டு என்பதை, புகையிலைச் செடியின் நோயை ஆராய்ந்த இவனோவ்சுக்கி 1892இல் காட்டினார். கால்நடைகளின் கோமாரி நோயும் அவ்வகையினதே என்று லோஃப்லரும் ஃபிராஷும் 1898இல் மெய்ப்பித்தனர். இக்காரணிகளையே நாம் நச்சுயிரி, அதாவது வைரஸ், என்கிறோம். 1928இல் வெர்ஜ், கிறிஸ்டோஃபரோனி என்னும் பிரான்சு நாட்டு ஆய்வாளர் இருவர், பூனைகளின் தொற்றுக் குடல்நோய்க்கும் வடிகட்டியைக் கடக்கும் நச்சுயிரியே காரணம் என்று கண்டனர். அன்றுதான் அறிவியலின் மன்றத்திலிருந்து ‘பக்கத்து வீட்டுக்காரர்’ விடுதலை பெற்றார் எனலாம்.

அடுத்த கட்டம் அமெரிக்காவில் நிகழ்ந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் எண்டர்ஸ் என்பவர் பணியாற்றி வந்தார். இவர் முதலில் ஆங்கில இலக்கியம் பயின்றவர் என்பதும், பின்னரே நுண்ணுயிரியலுக்கு மாறியவர் என்பதும் மொழி கற்பிக்கும் நமக்குச் சுவையான செய்திகள். பூனைக்குட்டிகளைக் கொன்ற கொள்ளைநோயை இவரும் வில்லியம் ஹாமன் என்பவரும் ஆராய்ந்து, 1939இல் அதன் இயல்பை விரிவாக வெளியிட்டனர். நோயுற்ற பூனையின் இரத்தத்தில் வெள்ளையணுக்கள் ஏறத்தாழ இல்லாமலே போய்விடுவதை அவர்கள் எடுத்துக்காட்டினர். மறு ஆண்டே தடுப்பூசி முயற்சியின் பயனையும் வெளியிட்டனர். ‘பான்லியூக்கோபீனியா’ என வழங்கும் இந்நோயின் பெயருக்கு ‘வெள்ளையணுக்கள் யாவும் குன்றுதல்’ என்பது பொருள்.

குட்டிகள் ஏன் இவ்வளவு விரைவாக மடிகின்றன? இந்நச்சுயிரி, விரைந்து பெருகும் உயிரணுக்களையே நாடிச் செல்வது. வளரும் குட்டியின் எலும்பு மச்சையிலும் குடலின் உட்சுவரிலும் அத்தகைய அணுக்கள் மிகுதி. மச்சை தாக்கப்படுவதால் நோயை எதிர்க்கும் படை குன்றுகிறது. குடற்சுவர் சிதைவதால் உடலின் நீர் வெளியேறுகிறது. சிதைந்த குடல்வழியே வேறு கிருமிகளும் இரத்தத்தில் நுழைகின்றன. வளர்ச்சியே இளமையின் வலிமை. அந்த வலிமையையே இந்நோய் தன் வாயிலாக்கிக் கொள்கிறது. தாயின் முதற்பாலில் கிடைத்த எதிர்ப்பாற்றல் சில வாரங்களில் தேய்ந்துவிடும்; அதன்பின் தடுப்பூசி பெறாத குட்டி காவலற்ற கோட்டையாகிறது.

இந்நோயால் கலைந்த தவறான கருத்து இன்னொன்றும் உண்டு. சில குட்டிகள் பிறவியிலேயே தள்ளாடி நடக்கும். இத்தகைய பூனைகளைப் பற்றி இங்கிலாந்தில் 1888இலேயே எழுதினர். பின்னர் அது பரம்பரைக் குறை என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1966இல் கில்ஹமும் மார்கோலிசும், தாயின் வயிற்றில் இருக்கையில் இதே நச்சுயிரி குட்டியின் சிறுமூளையைத் தாக்குவதே காரணம் என்று நிறுவினர். முன்பு அண்டை வீட்டின்மேல் விழுந்த பழியைப் போலவே, குருதிவழியின்மேல் விழுந்த பழியும் ஆய்வின்முன் நீங்கியது.

பூனைக்குட்டிகளிடம் தொடங்கிய தேடல் அவற்றோடு நின்றுவிடவில்லை. எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் ஆகிய மூவரும் இளம்பிள்ளைவாத நச்சுயிரியைச் சோதனைக் குழாயில் வளர்த்துக் காட்டி, 1954இல் நோபல் பரிசு பெற்றனர். அந்த வழியே இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்துகள் பிறந்தன. 1963இல் வெளிவந்த தட்டம்மைத் தடுப்பூசியும் எண்டர்ஸின் ஆய்வில் வேர்கொண்டதே. ஹாமனின் பயணமோ நம் மண்டலத்தை நோக்கி வந்தது. 1956இல் மணிலாவில் குழந்தைகளைத் தாக்கிய குருதிக்கசிவுக் காய்ச்சலை ஆராய்ந்த அவரது குழு, அதுவரை அறியப்படாத டெங்கி வகைகள் இரண்டைக் கண்டறிந்தது. அவையே இன்று மூன்றாம், நான்காம் வகைகள் எனப்படுகின்றன. 1962இல் பினாங்கிலும் குருதிக்கசிவு டெங்கி பதிவாயிற்று. பூனைக்குட்டியின் இரத்தத்தைத் துருவி ஆராய்ந்த கண்களே, பின்னாளில் நம் பிள்ளைகளைத் தாக்கும் பகையையும் அடையாளம் கண்டன.

நச்சுயிரியும் வாளாவிருக்கவில்லை. 1978இல் நாய்க்குட்டிகளைக் கொல்லும் புதிய நோய் ஒன்று உலகெங்கும் பரவியது. அதன் காரணி பூனை நச்சுயிரிக்கு மிக நெருங்கிய உறவினது. நாய்களுக்கெனத் தனித் தடுப்பூசி உருவாகும்வரை, பூனைத் தடுப்பூசியே பல இடங்களில் நாய்க்குட்டிகளுக்கும் அரணாக நின்றது.

இன்று நாம் அறிந்திருப்பது போதிய அளவினது. இந்நச்சுயிரி மனிதரைத் தாக்குவதில்லை. ஆயினும் நம் கைகளிலும் காலணிகளிலும் ஒட்டிக்கொண்டு பிற பூனைகளைச் சென்றடையும். வீட்டினுள் ஓராண்டு வரையிலும் அழியாதிருக்கும். சாராயக் கலவைகள் இதன்முன் பயனற்றவை. நீர் கலந்த குளோரோக்ஸ் போன்ற வெளுப்பு நீரே இதனை அழிக்கும். ஆதலால், குட்டிகள் மடிந்த வீட்டில் உடனே புதிய குட்டியைக் கொண்டுவருதல் தகாது. பிறந்த ஆறு அல்லது எட்டு வாரம் முதல் விலங்கு மருத்துவரின் அறிவுரைப்படி தடுப்பூசி போடுவதும், ஒரு தடவையோடு நில்லாமல் நான்கு மாதம் நிறையும்வரை தொடர்வதும் இன்றியமையாதவை. நோய் கண்ட அன்றே மருத்துவரை நாடினால், நீரேற்றியும் துணைக் கிருமிகளை அடக்கியும் சிலவற்றைக் காப்பாற்றவும் இயலும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! வகுப்பறையில் ஒரு பிள்ளை, “என் பூனைக்குட்டிகள் எல்லாம் செத்துவிட்டன, யாரோ மருந்து வைத்துவிட்டார்கள்” என்று கண்கலங்கி நின்றால், “பூனைதானே” என்று ஒதுக்கிவிட வேண்டா. முதலில் அத்துயரை மதிப்போம். பிறகு, “முதலில் நோயுற்றது எது? எத்தனை நாளில் அடுத்தது? தாய் எப்படி இருக்கிறது?” என்று கேட்போம். வெர்ஜும் எண்டர்ஸும் கேட்ட கேள்விகளும் இவ்வாறுதான் தொடங்கியிருக்கும். பழியை முடிவாகக் கொள்ளாமல் காரணத்தைத் தேடும் பழக்கம் அப்பிள்ளையிடம் வேரூன்றுமாயின், அடுத்த ஈற்றுக் குட்டிகள் பிழைக்கும். அண்டை வீட்டு உறவும் பிழைக்கும்.