மாறும் பூட்டுகள்



புதுவையின் வரலாற்றைப் பேசப் புகுவோர் ஆனந்தரங்கப் பிள்ளையை மறத்தல் இயலாது. ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக விளங்கிய அவர் 1736ஆம் ஆண்டு தொடங்கி எழுதிவந்த நாட்குறிப்பில், கப்பல்கள் கொணர்ந்த கடிதங்களைப் பற்றிய செய்திகள் பல உண்டு. அந்நாளில் கடிதத்திற்கு அரக்கு முத்திரையே காவல். முத்திரை உடையாதிருந்தால் பிறர் படிக்கவில்லை என்று கொள்வர். அதிலுள்ள சின்னத்தைக் கண்டு எழுதியவர் இன்னார் என்று தெளிவர்.

இவ்விரண்டு உறுதிகளையே நாம் இன்றும் நாடுகிறோம். இணையத்தில் நாம் அனுப்புவதை இடைநிற்போர் படியாமற் காப்பது மறையீடு. எதிரிலிருப்பது மெய்யான வங்கியே, மெய்யான கல்லூரியே என்று காட்டுவது சான்றிதழ். இரண்டையும் நமக்காகச் சோதித்துப் பார்ப்பது பிரௌசர் என்னும் உலாவி.

ஆனால் எந்தப் பூட்டும் என்றைக்கும் உறுதியாய் இருப்பதில்லை. பதினான்காம் லூயி மன்னரின் அரண்மனையில் ரோசிஞோல் குடும்பத்தார் அமைத்த மறைமொழி ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் எவருக்கும் பிடிபடாதிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பசேரி என்னும் படைவீரர் அதனையும் அவிழ்த்துவிட்டார். இணையப் பூட்டுகளின் ஆயுளோ இன்னும் குறைவு. நெட்ஸ்கேப் நிறுவனம் 1995இல் வெளியிட்ட எஸ்.எஸ்.எல். முறையில் குறைகள் கண்டு, மறு ஆண்டே அதன் மூன்றாம் பதிப்பை அமைத்தனர். அதிலும் 2014இல் ஓட்டை தென்பட்டது. அதன் வழிவந்த டி.எல்.எஸ். முறை 1999இல் தோன்றியது. அதன் முதல் இரு பதிப்புகளையும் பெரிய உலாவிகள் 2020இல் கைவிட்டன. 2018இல் வெளியான 1.3 என்னும் பதிப்பு இன்று பெரிதும் வழங்குகிறது.

நம் நாட்டிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. 2014 ஜூலையில், தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்பு அமைப்பிலிருந்து, கூகுள் தளங்களின் பெயரில் உரிமையற்ற சான்றிதழ்கள் வெளிவந்திருப்பது தெரியவந்தது. மைய அமைப்பின் சான்று உடனே இரத்தாயிற்று. கூகுளும் மைக்ரோசாப்டும் அவற்றை ஏற்காதவாறு திருத்தங்களை அனுப்பின. பரவலான தீங்கு நேர்ந்ததற்கு அறிகுறி இல்லை என்று கூகுள் கூறிற்று. ஆயினும் திருத்தம் பெறாத கணினி, போலியையும் மெய்யென்றே வணங்கி வரவேற்றிருக்கும் அன்றோ?

இதற்கு மறுபுறமும் உண்டு. 2021 செப்டம்பர் 30ஆம் நாள் ஒரு பழைய மூலச்சான்றிதழ் காலாவதியாயிற்று. புதியதை அறியாத பழங்கருவிகள் பல, மெய்யான தளங்களையே ஐயுற்று மறுத்தன.

அத்தகைய மறுப்பை நானும் கண்டேன். என் தமக்கை மகள் எங்கள் வீட்டுப் பழங்கணினியில் கல்லூரி விண்ணப்பம் நிரப்பும்போது எச்சரிக்கை ஒன்று தோன்றியது. “மாமா, நாளையோடு கெடு முடிகிறது, இதைத் தாண்டிச் செல்லட்டுமா?” என்று கேட்டாள். முன்பெல்லாம் நானே அப்படித் தாண்டியவன். எனவே கடிந்துகொள்ள நா எழவில்லை. உலாவியைப் புதுப்பித்தோம், சில நிமிடங்களே ஆயின. தளம் தடையின்றித் திறந்தது. விண்ணப்பமும் உரிய நாளில் சென்றது.

பழைய உலாவி மெய்யை மறுத்தால் நமக்குத் தொல்லை. பொய்யை ஏற்றுக்கொண்டால் இழப்பு. தொல்லை கண்ணுக்குத் தெரியும். இழப்பு நேர்ந்த பின்னரே தெரியும். ஆதலின் புதுப்பிக்குமாறு உலாவி கேட்கும்போது, நாளை என்று தள்ளாதீர்கள். முத்திரையைப் பாராமல் கடிதத்தைப் பிரிப்பது அந்நாளிலும் அறிவுடைமை அன்று, இந்நாளிலும் அன்று.