கட்டுப்படாத சர்க்கரையும், கட்டுப்படுத்தச் சொல்லும் டாக்டரும்

வீட்டில் இருக்கும் மெடிக்கல் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் விலக்குகள் பகுதியைப் படித்துப் பாருங்கள். (பொடி எழுத்தைப் படிப்பது எங்கள் பேங்க்காரர்களின் தொழில் வியாதி.) இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019ல் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக வகுத்த வாசகம் அது. எடைக்குறைப்பு ஆபரேஷனுக்கு எப்போது பணம் கிடைக்கும் என்று அதில் ஒரு பட்டியல் வரும். வயது 18 ஆகியிருக்க வேண்டும். டாக்டர் சொல்லிச் செய்ததாக இருக்க வேண்டும். பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 35 இருந்து, மற்ற வழிகளில் முயன்றும் எடை குறையாமல், கூடவே நாலு பெரிய நோய்களில் ஒன்றாவது இருக்க வேண்டும். அந்த நாலில் கடைசி: 'கட்டுப்படாத இரண்டாம் வகை நீரிழிவு'.

அதே பாலிசியைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனால் அவர் சொல்லும் முதல் வார்த்தை என்ன தெரியுமா? "முதல்ல சுகரைக் கட்டுப்படுத்திட்டு வாங்க."

சித்தூரில் இருக்கும் என் சித்தி இதை போனில் ஒரே மூச்சில் கேட்டார். "ஏம்ப்பா, ஆபரேஷன் பண்ணா சுகர் போயிடும்னு சொன்னாங்க. இப்ப அவங்களே சுகரைக் குறைச்சாத்தான் ஆபரேஷன்னு சொல்றாங்க. சுகர்தான் குறைஞ்சிடுச்சுன்னா ஆபரேஷன் எதுக்கு?"

நியாயமான கேள்வி. நான் படித்தது பி.காம், மருத்துவம் இல்லை. ஆனால் இங்கே மஸ்கட்டில் உட்கார்ந்து சில வாரம் தேடிப் படித்ததில் ஒன்று புரிந்தது. இந்தக் குழப்பத்துக்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் பதில் தானாக வந்துவிடும்.

கத்தி வைக்கப் பயந்த காலம்

பருத்த உடம்புக்கும் சர்க்கரைக்கும் உள்ள உறவு நேற்று கண்டுபிடித்தது இல்லை. நம் நாட்டு அறுவை மருத்துவத்தின் ஆதி நூலான சுஸ்ருத சம்ஹிதையே தேன் போன்ற சிறுநீரைப் பற்றிப் பேசி, அந்த நோயாளிகளை மெலிந்தவர், பருத்தவர் என்று இரண்டாகப் பிரித்திருக்கிறது. 1870-71ல் ஜெர்மானியப் படை பாரிஸ் நகரை முற்றுகையிட்டபோது ஊரே ரேஷனில் அரை வயிறு சாப்பிட்டது. அங்கே இருந்த பூஷர்தா என்ற மருத்துவர், தன் நீரிழிவு நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை காணாமல் போனதைக் கவனித்து எழுதி வைத்தார். சாப்பாடு குறைந்தால் சர்க்கரை குறையும் என்பதற்குப் போர் கொடுத்த சாட்சி அது.

ஆனால் அந்தக் காலத்தில் சர்க்கரைக்காரருக்கு ஆபரேஷன் என்றாலே டாக்டர்கள் பின்வாங்குவார்கள். புண் ஆறாது, சீழ் பிடிக்கும், அழுகும். இல்லாவிட்டால் உடம்பில் அமிலம் ஏறி ஆள் மயங்கிப் போய்விடுவார். உயிர் போகிற அவசரம் என்றால் மட்டுமே கத்தி எடுத்தார்கள். நியூயார்க்கில் ஆலன் என்ற மருத்துவர் 1910களில் பட்டினி வைத்தியத்தைப் பரப்பினார். சர்க்கரை குறைந்தது. கூடவே ஆளும் எலும்பும் தோலுமாகக் குறைந்தார்.

1922 ஜனவரி 11ஆம் தேதி டொரோண்டோவில் 14 வயது லியனார்ட் தாம்ஸனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டார்கள். சரியாக வேலை செய்யவில்லை, ஒவ்வாமை வேறு வந்தது. காலிப் என்பவர் மருந்தை இன்னும் சுத்தம் செய்து கொடுக்க, 23ஆம் தேதி மறுபடி போட்டபோது சர்க்கரை இறங்கியது. அடுத்த வருஷமே பாண்டிங், மெக்லியாட் இருவருக்கும் நோபல் பரிசு.

சர்க்கரைக்காரருக்குத் தைரியமாக ஆபரேஷன் செய்யலாம் என்ற நிலை அதற்குப் பிறகுதான் வந்தது. ஆனால் ஒரு நிபந்தனையோடு வந்தது: முன்கூட்டியே சர்க்கரையை இறக்கி வைத்திருக்க வேண்டும். இன்று டாக்டர் சொல்லும் "கட்டுப்படுத்திட்டு வாங்க" அங்கிருந்து தொடங்கியது.

நம் பக்கத்துக்கு வருவோம். சென்னையில் டாக்டர் எம். விஸ்வநாதன் 1948ல் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நீரிழிவுக்கென்றே தனி கிளினிக் தொடங்கினார். 1954ல் ராயபுரத்தில் தனி ஆஸ்பத்திரியே கட்டினார். எங்கள் சித்தூர்க்காரர்களுக்கு வேலூர் பக்கத்து ஊர் மாதிரி (1911 வரை வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகரமே சித்தூர்தான்). பஸ் ஏறினால் சி.எம்.சி. 1993ல் திருப்பதியில் ஸ்விம்ஸ் திறந்தபிறகு பெரிய வைத்தியத்துக்கு மலையடிவாரத்திலேயே ஒரு இடம் கிடைத்தது. அதில் நீரிழிவைப் பார்க்கும் நாளமில்லாச் சுரப்பித் துறையும் உண்டு. வெல்லத்துக்குப் பேர்போன ஜில்லாவுக்கு இது ரொம்பவே தேவை :-)

எடைக்குப் போனார்கள், சர்க்கரை போனது

இன்னொரு பக்கம் எடைக்குறைப்பு ஆபரேஷன் தனியாக வளர்ந்தது. 1954ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கிரெமன், லின்னர் இருவரும் குடலின் பெரும்பகுதியைச் சுற்றிவிட்டுக் குறுக்கு வழி போடும் முறையை வெளியிட்டார்கள். 1966ல் அயோவாவில் எட்வர்ட் மேசன் இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸைத் தொடங்கினார். அல்சருக்காக இரைப்பையில் ஒரு பாகத்தை எடுத்த பெண்களுக்கு அப்புறம் எடை ஏறுவதில்லை என்று பார்த்ததுதான் அவருக்குப் பொறி.

1991ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் நிபுணர்களைக் கூட்டி, பிஎம்ஐ 40, அல்லது கடுமையான துணைநோயோடு 35 என்று ஒரு கோடு போட்டது. உங்கள் பாலிசியின் பொடி எழுத்தில் இருப்பது அந்த 1991ஆம் வருஷத்து எண்கள்தான்! மருத்துவ உலகம் அதற்கப்புறம் நகர்ந்துவிட்டது. 2022ல் சர்வதேச அறுவை மருத்துவச் சங்கங்கள், 35 இருந்தாலே சிபாரிசு செய்யலாம், ஆசியர்களுக்கு 27.5லேயே யோசிக்கலாம் என்று அறிவித்தன. நம் ஆட்களுக்குத் தொப்பையும் சர்க்கரையும் குறைந்த எடையிலேயே வந்துவிடுவதால் இந்தச் சலுகை.

பெரிய திருப்பம் 1995ல் வந்தது. வட கரோலினாவின் கிரீன்வில்லில் வால்டர் போரிஸ் என்ற அறுவை மருத்துவர், பைபாஸ் செய்துகொண்ட 608 பேரின் கணக்கை வெளியிட்டார். அவர்களில் தொடர்ந்து கவனிக்கப்பட்ட நீரிழிவு நோயாளிகளில் 83 சதவீதம் பேருக்கு ரத்தச் சர்க்கரை இயல்புக்கு வந்திருந்தது. அதைவிட ஆச்சரியம், எடை குறையக் காத்திருக்காமல் சில நாட்களிலேயே சர்க்கரை இறங்கியது. குடலிலிருந்து சுரக்கும் ஹார்மோன்கள் மாறுவது இதற்கு ஒரு காரணம் என்று பிற்பாடு தெரிந்தது.

நம்மூரில் இந்த விஷயம் பரவலாகப் பேசப்பட்டது 2014 செப்டம்பரில். அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி, நீண்டகாலச் சர்க்கரைக்காக டெல்லியில் இந்த ஆபரேஷன் செய்துகொண்டார். பட்ஜெட் போட்டவரே செய்துகொண்டார் என்றதும் எங்கள் பேங்க் வட்டாரத்தில் அந்த வாரம் முழுக்க அதே பேச்சு.

சித்திக்குச் சொன்ன பதில்

ஆக, இரண்டு சரித்திரங்கள். சர்க்கரைக்காரருக்குப் புண் ஆறாது என்று பயந்த சரித்திரம் ஒன்று. ஆபரேஷனே சர்க்கரையைத் துரத்தும் என்று கண்ட சரித்திரம் இன்னொன்று. இரண்டும் உண்மை. இரண்டும் சொல்லும் கால அளவுதான் வேறு.

சித்திக்கு பேங்க் பாஷையில் சொன்னேன். பழைய கடனை அடைக்க வழி செய்வது வேறு, அடுத்த வாரம் வரப்போகிற செக் திரும்பாமல் கணக்கில் பணம் வைத்திருப்பது வேறு. ஆபரேஷன் என்பது வரும் வருஷங்களுக்கான கடன் ஏற்பாடு. அதற்கு முன் சர்க்கரையைக் குறைப்பது அடுத்த பத்து நாளுக்கான பேலன்ஸ். தையல் போட்ட இடம் பிரியாமல், கசியாமல், கிருமி பிடிக்காமல் ஆற வேண்டிய பத்து நாள் அது. செக் திரும்பிவிட்டால் கடன் ஏற்பாடு எவ்வளவு நன்றாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

பேலன்ஸை எப்படி அளக்கிறார்கள்? அந்தக் காலத்தில் சோதனைக் குழாயில் நீலக் கரைசலோடு சிறுநீரைக் காய்ச்சுவார்கள். நீலம், பச்சை, மஞ்சள் என்று மாறிச் செங்கல் நிறம் வந்தால் சர்க்கரை ஏகத்துக்கு இருக்கிறது என்று அர்த்தம். 1968ல் டெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் நீரிழிவு நோயாளிகளின் ஹீமோகுளோபினில் ஒரு மாற்றத்தைக் கண்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் எச்பிஏ1சி, நாம் சொல்லும் 'மூணு மாச சுகர் டெஸ்ட்'. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் அது இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டிவிடும். மார்ச் 31 அன்று மட்டும் டெபாசிட் திரட்டிக் கணக்கை அலங்கரிக்கும் வித்தை இதனிடம் பலிக்காது. டெஸ்ட்டுக்கு முன் இரண்டு நாள் பட்டினி கிடந்தால் ஃபாஸ்டிங் சுகர் ஏமாறலாம், இது ஏமாறாது.

2019ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல், ஆபரேஷனுக்கு முன் இந்த எண் 6.5 முதல் 7க்குள் இருப்பது நல்லது என்கிறது. நாள்பட்ட சர்க்கரை, ஏற்கெனவே சிக்கல்கள் என்றால் 7 முதல் 8 வரை போதும். 8க்கு மேல் என்றால் டாக்டரின் தீர்மானம். கல்லில் எழுதிய சட்டம் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஏனென்றால் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பதிலும் நஷ்டம் உண்டு. சர்க்கரை வந்து அதிக வருஷம் ஆகாதவர்களுக்குத்தான் ஆபரேஷனில் பலன் அதிகம்.

சித்தி மகனுக்கு 41 வயது. சித்தூரில் வெல்ல மண்டி. சரக்கைக் கடித்துப் பார்த்துத்தான் விலை சொல்ல வேண்டும், பாவம். 118 கிலோ, எச்பிஏ1சி 10.4. தேதியை மூன்று மாதம் தள்ளினார்கள். இன்சுலினை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் எடையும் ஏறும் என்பதால் மருந்துகளை மாற்றினார்கள். மதியம் சோறு பாதியானது, ராகி சங்கட்டியும் அளவோடு. காலையில் நடை. கடைசி இரண்டு வாரம் குறைந்த கலோரி திரவ உணவு. இது சர்க்கரைக்கு மட்டும் இல்லை. கொழுப்பேறிய கல்லீரல் சுருங்கினால்தான் அதற்கு அடியில் இருக்கும் இரைப்பையை டாக்டர் சுலபமாக எட்ட முடியும். மூன்றாம் மாதம் 7.6. ஆபரேஷன் நடந்தது. இப்போது 14 மாதம் ஆகிறது, 86 கிலோ, ஒரே ஒரு மாத்திரை. சர்க்கரை 'போய்விட்டது' என்று அவன் சொல்வதில்லை, 'அடங்கியிருக்கு' என்கிறான். அதுதான் சரி. எடை ஏறினால் அது திரும்பும்.

வெளியூரில் இருக்கும் நமக்கு

கடைசியாக, நம்மைப் போல் தூரத்தில் இருப்பவர்களுக்கு மூன்று விஷயம்.

ஒன்று, மாத்திரைப் பட்டியல். 'கிளிஃப்ளோசின்' என்று பெயர் முடியும் மாத்திரைகளை ஆபரேஷனுக்குக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்லி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020ல் அறிவித்தது. சர்க்கரை சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும் ஆபத்து அதில் உண்டு. திரவ உணவில் இருப்பவர்களுக்கு எப்போது நிறுத்துவது என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். 2025ல் இந்தியாவுக்கு வந்த புது எடைக்குறைப்பு ஊசிகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். மயக்க மருந்து கொடுப்பவரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எதையும் நாமாக நிறுத்தக்கூடாது.

இரண்டு, இன்சூரன்ஸ். பிஎம்ஐ 35க்கும் 40க்கும் நடுவில் இருப்பவர்கள் சர்க்கரை குறைந்ததும் பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆபரேஷனுக்காகத்தான் குறைக்கப்பட்டது என்பதை முன் அனுமதிக் கடிதத்தில் டாக்டரை எழுதச் சொல்லுங்கள். முன்பு சொன்ன அந்தக் 'கட்டுப்படாத' என்ற சொல்லுக்கு அத்தாட்சி அந்தப் பழைய காகிதம்தான்.

மூன்று, இதுதான் முக்கியம். நாம் செய்யும் வழக்கம் என்ன? லீவு 21 நாள், டிக்கெட் போட்டாச்சு, அதற்குள் அப்பாவுக்கோ தம்பிக்கோ எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும். "நான் இருக்கும்போதே பண்ணிடுங்க டாக்டர்" என்று கெஞ்சுவோம். பாசம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் சிவப்பணுவுக்கு நம் லீவு லெட்டர் தெரியாது. எச்பிஏ1சி இறங்கட்டும், டாக்டர் தேதி சொல்லட்டும், அதற்குப் பிறகு டிக்கெட் போடுவோம். விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். இருக்கட்டும்.