வென்றும் நிலைக்காத சாம்பியன்: சென்னை சிட்டி கால்பந்துக் கழகமும் ஐரோப்பியப் பணமும்

அறிமுகம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற சென்னையின் மேற்குப் புறநகர்களில் ரியல் மாட்ரிட், பார்சிலோனா, மான்செஸ்டர் யுனைடெட் சட்டை அணிந்த இளைஞர்களைப் பார்ப்பது இன்று சாதாரணம். நள்ளிரவு தாண்டி 12.30 மணிக்கோ 1.30 மணிக்கோ தொடங்கும் ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்களை விழித்திருந்து பார்க்கிறார்கள். மறுநாள் அவர்களுக்குள் நடக்கும் வாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: கோப்பையை வெல்வது திறமையா, பணமா?

இந்தக் கேள்விக்கு விடை தேட ஐரோப்பா வரை போக வேண்டியதில்லை. சென்னையின் பெயரைத் தாங்கிய ஒரு கழகம் 2019-ல் இந்தியாவின் ஐ-லீக் கோப்பையை வென்றது. மறு ஆண்டு சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற கழகம் ஒன்று அதில் பங்கு வாங்கியது. ஆனால் 2021-க்குப் பிறகு அந்த அணி ஐ-லீக்கில் இல்லை. சென்னை சிட்டி கால்பந்துக் கழகத்தின் இந்த வரலாறு, விளையாட்டின் வெற்றியும் கழகத்தின் வருமானமும் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்துள்ளன என்பதைக் காட்டுகிறது.

சம்பளம் தந்த அணிகள்

சென்னைக் கால்பந்தில் பணம் நீண்ட காலமாக வேலைவாய்ப்பின் வழியாகவே வந்தது. சென்ட்ரலில் இருந்து ஆவடிக்குச் செல்லும் ரயில் பாதையை ஒட்டி, பெரம்பூரில் இருக்கிறது இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை (ஐ.சி.எஃப்.). தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, சுங்கத்துறை, வருமான வரித்துறை ஆகியவற்றைப் போல ஐ.சி.எஃப்.-பும் சென்னை லீக்கில் தன் அணியை இறக்கியது. இத்தகைய அணிகளில் வீரர் என்பவர் அந்நிறுவனத்தின் ஊழியர். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தால் மாதச் சம்பளம் உறுதி. காயம்பட்டு ஆட்டம் நின்றாலும் வேலை நிற்காது.

இந்த முறையில் அணிக்குத் தனி வருமானம் தேவைப்படவில்லை. டிக்கெட் விற்பனை, தொலைக்காட்சி உரிமை, விளம்பரம் ஆகிய எதையும் நம்பி அணி நடக்கவில்லை. தோற்றாலும் அணி பிழைத்தது. ஆனால் வென்றாலும் அது பெரிதாக வளரவில்லை.

ஐரோப்பா வேறு வழியில் சென்றது

ஐ.சி.எஃப். தொடங்கப்பட்ட 1955-ஆம் ஆண்டிலேயே ஐரோப்பியக் கோப்பைப் போட்டியும் தொடங்கியது. ஒவ்வொரு நாட்டின் சாம்பியனும் மோதும் போட்டியாக அது அமைந்தது. முதல் ஐந்து கோப்பைகளையும் ரியல் மாட்ரிட் வென்றது.

1992-ல் அது சாம்பியன்ஸ் லீக் ஆக மாறியது. தொலைக்காட்சி உரிமையும் விளம்பர உரிமையும் மொத்தமாக விற்கப்பட்டு, வருமானம் கழகங்களுக்குப் பகிரப்பட்டது. 1995 டிசம்பரில் வந்த போஸ்மன் தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்த வீரர் மாற்றுத் தொகை இல்லாமல் வேறு கழகத்துக்குச் செல்லும் உரிமையைத் தந்தது. ஐரோப்பிய ஒன்றிய நாட்டு வீரர்களுக்கு இருந்த எண்ணிக்கைக் கட்டுப்பாட்டையும் நீக்கியது. பணமுள்ள கழகம் எந்த ஐரோப்பிய ஒன்றிய நாட்டு வீரரையும் வாங்கலாம் என்ற நிலை உருவானது.

விளைவு கண்கூடானது. 2004-ல் போர்ச்சுகலின் போர்ட்டோ வென்ற பிறகு, இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி, ஜெர்மனி, பிரான்சு ஆகிய ஐந்து நாடுகளுக்கு வெளியே இருந்து எந்தக் கழகமும் சாம்பியன்ஸ் லீக்கை வெல்லவில்லை. 2024-25 பருவத்தில் முதன்மைச் சுற்றுக்கு வந்த 36 கழகங்களில் ஒவ்வொன்றுக்கும், ஒரு ஆட்டம்கூட வெல்லாமலேயே, 1.862 கோடி யூரோ கிடைத்தது. இது ரூபாயில் 150 கோடிக்கும் மேல். அதாவது அங்கே பணம் வெற்றியைத் தருகிறது. வெற்றி மீண்டும் பணத்தைத் தருகிறது.

ஆயினும் பணம் மட்டுமே போதாது என்பதற்கும் சான்று உண்டு. பாரிஸ் சான் ஜெர்மன் கழகம் 2011-ல் கத்தார் முதலீட்டாளர்களின் கைக்கு வந்தது. 2017-ல் நெய்மருக்காக 22.2 கோடி யூரோ கொடுத்து உலகச் சாதனை படைத்தது. ஆனால் நெய்மரும் மெஸ்ஸியும் எம்பாப்பேவும் சேர்ந்து ஆடிய காலத்தில் அது ஐரோப்பியக் கோப்பையை வெல்லவில்லை. அம்மூவரும் சென்ற பிறகு, 2025-ல்தான் இண்டர் மிலானை 5-0 என வீழ்த்தி முதல் முறையாக வென்றது.

2019 மார்ச் 9: கோயம்புத்தூர்

சென்னை சிட்டி 2016-17 பருவத்தில் ஐ-லீக்கில் நுழைந்தது. பெயரில் சென்னை இருந்தாலும், பட்டம் வென்ற பருவத்தில் அதன் சொந்த மைதானம் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கம். முதல் இரண்டு பருவங்களிலும் அணி பட்டியலின் கீழ்ப்பகுதியிலேயே இருந்தது.

2018-19-ல் நிலை மாறியது. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராக இருந்தார். ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடிவந்த, அதிகம் அறியப்படாத வீரர்கள் அழைத்து வரப்பட்டனர். அவர்களில் பெத்ரோ மான்ஸி 21 கோல் அடித்தார். எட்வின் சிட்னி வான்ஸ்பால், அஜித் குமார் போன்ற தமிழ்நாட்டு வீரர்களும் அணியின் தூண்களாக இருந்தனர்.

கடைசி நாளில் சென்னை சிட்டிக்கும் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்கும் இடையே ஒரே ஒரு புள்ளி வேறுபாடு. நடப்புச் சாம்பியனான மினர்வா பஞ்சாப் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே கோல் அடித்து முந்தியது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடிய ஈஸ்ட் பெங்கால் தன் ஆட்டத்தை 2-1 என வென்றது. சென்னை சிட்டி இரண்டாம் பாதியில் எழுந்தது. மான்ஸி பெனால்டியில் ஒரு கோல், கௌரவ் போரா இரண்டு கோல் அடிக்க 3-1 என வென்றது. 43 புள்ளிகளுடன் சென்னை சிட்டி சாம்பியன். ஈஸ்ட் பெங்காலுக்கு 42.

இதே பருவத்தில் நகரின் பணக்காரக் கழகமான சென்னையின் எஃப்.சி. இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐ.எஸ்.எல்.) கடைசி இடம் பிடித்தது. 2015, 2017-18 ஆகிய இரு பருவங்களில் சாம்பியனான கழகம் அது. அபிஷேக் பச்சன், மகேந்திர சிங் தோனி, விட்டா தானி ஆகியோர் அதன் உரிமையாளர்கள். பணத்தை வைத்து மட்டும் பார்த்தால் இவ்விரு முடிவுகளும் இடம் மாறியிருக்க வேண்டும்.

வெற்றிக்குப் பின் மூடிய கதவு

ஐரோப்பாவில் தேசிய லீக்கை வென்ற கழகத்துக்கு அடுத்த படி காத்திருக்கும். சென்னை சிட்டிக்கு அப்படி ஒரு படி இல்லை. 2014-ல் தொடங்கிய ஐ.எஸ்.எல். உரிமக் கட்டணம் செலுத்திச் சேரும் போட்டி. ஐ-லீக் சாம்பியனுக்கு அதில் அப்போது தரமுயர்வு கிடையாது. 2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஒப்புக்கொண்ட திட்டத்தின்படி, நாட்டின் முதன்மை லீக் என்ற தகுதியும் ஐ.எஸ்.எல்.-லுக்கே சென்றது. ஐ-லீக் சாம்பியனுக்குத் தரமுயர்வு 2022-23 பருவத்தில்தான் வந்தது.

ஆசியப் போட்டிகளும் கைகொடுக்கவில்லை. 2020 ஜனவரியில் ஆசியச் சாம்பியன்ஸ் லீக்கின் தொடக்கச் சுற்றில் பஹ்ரைனின் அல் ரிஃபாவிடம் சென்னை சிட்டி 0-1 எனத் தோற்றது. பிறகு ஏ.எஃப்.சி. கோப்பைக்குச் சென்றது, கொரோனா தொற்றால் அப்போட்டியே ரத்தானது. இதற்குள் நெஸ்டர் கோர்டியோ ஹைதராபாத்துக்கும், எட்வின் சென்னையின் எஃப்.சி.-க்கும், மான்ஸி ஜப்பானுக்கும் சென்றுவிட்டனர்.

பாசலில் இருந்து வந்த பங்கு

2020-ல் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் சென்னை சிட்டியின் 26 சதவீதப் பங்கை வாங்கியது. பாசல் சாதாரணக் கழகம் அல்ல. 2010 முதல் 2017 வரை தொடர்ந்து எட்டு முறை சுவிஸ் சாம்பியன். 2011 டிசம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டை 2-1 என வென்று, அதைச் சாம்பியன்ஸ் லீக்கில் இருந்து வெளியேற்றியது. ஷாகிரி, ஷாக்கா, முகமது சாலா ஆகியோரை இளம் வயதில் ஆடவைத்துப் பெரிய கழகங்களுக்கு விற்றது. சிறிய நாட்டுக் கழகம் பிழைக்கும் வழி அது: திறமையை முன்கூட்டியே கண்டறிதல், விற்றல், ஐரோப்பியப் போட்டிப் பணத்தால் மீண்டும் அணியைக் கட்டுதல்.

ஆனால் அந்தச் சக்கரம் அப்போது பாசலிலேயே தடுமாறிக்கொண்டிருந்தது. 2018 முதல் பட்டங்கள் யங் பாய்ஸ் கழகத்துக்குப் போயின. தலைவர் பெர்ன்ஹார்ட் பர்கனருக்கு எதிராக ரசிகர்கள் திரண்டனர். 2021 மே மாதம் கழகம் முன்னாள் வீரர் டேவிட் டேகனின் கைக்கு மாறியது. சென்னை சிட்டியோ 2020-21 பருவத்தோடு ஐ-லீக்கை விட்டு மறைந்தது.

கோயம்புத்தூரில் அன்று தோற்ற மினர்வா பஞ்சாபின் கதை நேர்மாறானது. அதை ரவுண்ட்கிளாஸ் நிறுவனம் வாங்கியது. தரமுயர்வு திறந்த முதல் பருவத்திலேயே அந்த அணி ஐ-லீக்கை வென்று, 2023-ல் ஐ.எஸ்.எல்.-லுக்குள் நுழைந்தது. கதவு திறக்கும் வரை தாங்கிப் பிடிக்க அதற்கு ஆள் இருந்தது.

முடிவுரை

கோப்பையை வெல்வது திறமையா, பணமா என்ற வாதத்தில் இரு பக்கமும் பாதி உண்மையே உள்ளது. ஒரு பருவத்தை வெல்லத் திறமை போதும் என்று சென்னை சிட்டி காட்டியது. அடுத்த பருவத்துக்கும் உயிரோடு இருக்க, வெற்றியை வருமானமாக மாற்றும் லீக் அமைப்பு வேண்டும். அது இல்லாதபோது வெற்றி என்பது கூடுதல் சம்பளம், கூடுதல் பயணம், கூடுதல் செலவு மட்டுமே. பெரிய உரிமையாளர்களுக்கும் இதே நிலைதான். வணிக உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். பருவமே நிறுத்திவைக்கப்பட்டது.

2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் 12 பணக்காரக் கழகங்கள் தமக்கென ஒரு மூடிய சூப்பர் லீக்கை அறிவித்தபோது, இங்கிலாந்து ரசிகர்கள் தெருவில் இறங்கினர். அறிவித்த மூன்றே நாளில் திட்டம் சரிந்தது. வென்றவனுக்குக் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை. நம் ஊர்ச் சாம்பியனுக்கு அந்தக் கதவு மூடியிருந்த ஆண்டுகளில், நாம் பெரும்பாலும் அவர்களுடைய ஆட்டங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.