குண்டளை முதல் பூந்தமல்லி வரை: இந்தியாவில் மோனோ ரயில் முயற்சிகளின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஒற்றைத் தண்டவாளத்தின் மீது இயங்கும் ஊர்தி நகர நெரிசலுக்குச் சிக்கனமான தீர்வு என்னும் கருத்து இந்தியாவில் நூறாண்டுக்கும் மேலான வரலாறு உடையது. குண்டளைப் பள்ளத்தாக்கு (1902), பட்டியாலா (1907), மும்பை (2014) ஆகிய இடங்களில் இம்முறை நடைமுறைக்கு வந்தது. சென்னையில் இருமுறை அறிவிக்கப்பட்டும் ஒரு தூண்கூட எழவில்லை. இந்நான்கு முயற்சிகளையும் வெளிநாட்டு அனுபவங்கள் சிலவற்றோடு ஒப்பிட்டு, மோனோ ரயிலின் வாழ்வையும் முடிவையும் தீர்மானித்தவை எவை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தொடக்கச் செலவைக் காட்டிலும், பிற போக்குவரத்து அமைப்புகளுடன் பொருந்தாத அதன் தனிமையே முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: மோனோ ரயில், பொதுப்போக்குவரத்து, பட்டியாலா, குண்டளை, மும்பை, சென்னை, நகர வரலாறு.

முன்னுரை

ஒரு நகரம் தன் மக்களை எவ்வாறு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்கிறது என்பது பொறியியல் வினா மட்டுமன்று. பொதுப்பணத்தை எதில் இடுவது, யாருடைய பயணத்திற்கு முன்னுரிமை தருவது என்னும் ஆட்சியியல் வினாவும் ஆகும். ஒருமுறை எழுப்பிய தூண்களையும் உத்திரங்களையும் எளிதில் இடம் மாற்ற இயலாது. எனவே இத்துறையில் எடுக்கப்படும் முடிவின் விளைவை இரண்டு மூன்று தலைமுறையினர் ஏற்க வேண்டியுள்ளது.

மோனோ ரயில் பற்றிய பொதுவிவாதங்களில் அது புதுமையான தொழில்நுட்பமாகவே பெரும்பாலும் சுட்டப்படுகிறது. இந்தியாவில் அதன் வரலாறு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தொடங்கிவிட்டது. அவ்வரலாற்றில் திரும்பத் திரும்பத் தோன்றும் ஒரு வாதத்தையும் அவ்வாதம் எதிர்கொண்ட முடிவுகளையும் காலமுறைப்படி காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மோனோ ரயிலின் வகைகள்

மோனோ ரயில் என்னும் பெயரால் மூன்று வேறுபட்ட அமைப்புகள் வழங்கப்படுகின்றன. முதலாவது, தரையில் பதித்த ஒரே தண்டவாளத்தின் மீது சிறு சக்கரங்களும், பக்கத்துச் சாலையின் மீது பெரிய சமநிலைச் சக்கரமும் உருளும் யூயிங் முறை. இதில் சுமையின் மிகப் பெரும்பகுதியைத் தண்டவாளமே தாங்கும். சாலைச் சக்கரம் வண்டி சாயாமல் காக்கும். இரண்டாவது, உயரத்தில் அமைந்த தண்டவாளத்திலிருந்து பெட்டிகள் தொங்கிச் செல்லும் முறை. மூன்றாவது, தூண்களின் மீது கிடத்திய கான்கிரீட் உத்திரத்தைப் பெட்டிகள் இருபுறமும் கவ்வியபடி ரப்பர் சக்கரங்களில் ஓடும் முறை. இன்றைய நகரங்களில் பரவலாகக் காணப்படுவது இம்மூன்றாவது வகையே.

இவை தோற்றத்தில் வேறுபட்டாலும் இவற்றுக்காக முன்வைக்கப்பட்ட வாதம் பெரிதும் ஒன்றே: குறைந்த நிலம் போதும், இருக்கும் சாலையையே பயன்படுத்திக்கொள்ளலாம், எனவே செலவு குறையும்.

குண்டளைப் பள்ளத்தாக்கு (1902–1908)

இந்தியாவின் தொடக்ககால மோனோ ரயில்களுள் ஒன்று நகரத்திற்காக அமைந்ததன்று, தேயிலைக்காக அமைந்தது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரையிலான குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902ஆம் ஆண்டு யூயிங் முறையில் ஒற்றைத் தண்டவாளம் போடப்பட்டது. எருதுகள் வண்டிகளை இழுத்தன. டாப் ஸ்டேஷனை அடைந்த தேயிலை, கம்பிவடப் பாதை வழியாகக் கீழே கொட்டகுடிக்கு இறக்கப்பட்டு, அங்கிருந்து போடிநாயக்கனூருக்குக் கொண்டு செல்லப்பட்டது. மலைத்தோட்டங்களில் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் தமிழ்நாட்டுச் சமவெளிகளிலிருந்து சென்றவர்கள். ஆதலின் இப்பாதை தமிழர் உழைப்பு வரலாற்றோடும் தொடர்புடையதாகும்.

1908ஆம் ஆண்டில், அதாவது ஆறே ஆண்டுகளில், இந்த ஒற்றைத் தண்டவாளம் அகற்றப்பட்டு, இரண்டு அடி அகலமுள்ள இரட்டைத் தண்டவாளக் குறும்பாதை போடப்பட்டது. நீராவி எந்திரங்கள் ஓடத் தொடங்கின. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் அக்குறும்பாதையும் அழிந்தது. வெள்ளம் அழித்தது இரட்டைத் தண்டவாளத்தையே என்பதும், மோனோ ரயில் அதற்கு முன்பே மனித முடிவால் கைவிடப்பட்டிருந்தது என்பதும் கருதத்தக்கன.

பட்டியாலா (1907–1927)

பட்டியாலா சமஸ்தானத்தில் மகாராஜா பூபிந்தர் சிங்கின் காலத்தில், பொறியாளர் கர்னல் பவுல்ஸின் முயற்சியால் பட்டியாலா ஸ்டேட் மோனோ ரயில் டிராம்வேஸ் உருவானது. சிர்ஹிந்து – மொரிண்டா, பட்டியாலா – சுனாம் என ஒன்றோடொன்று இணையாத இரு பாதைகள் திட்டமிடப்பட்டன. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். சரக்கோடு பயணிகளும் இதில் சென்றனர். ஆகவே இந்திய மோனோ ரயில் வரலாற்றில் பொதுப்போக்குவரத்தாக இயங்கிய தொடக்க அமைப்பாக இதனைக் கொள்ளலாம்.

யூயிங் முறை இங்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குத் தெளிவான காரணங்கள் இருந்தன. இருக்கும் சாலையின் ஓரத்திலேயே தண்டவாளத்தைப் பதிக்க முடிந்ததால் புதிய நிலம் தேவைப்படவில்லை. படைப்பணிக்கென்று சமஸ்தானம் பராமரித்துவந்த கோவேறு கழுதைகளை வண்டியிழுக்கப் பயன்படுத்த முடிந்தது. பின்னர் பெர்லின் நகரத்து ஓரன்ஸ்டைன் – கோப்பல் நிறுவனம் செய்த நான்கு நீராவி எந்திரங்கள் வரவழைக்கப்பட்டன.

சாலையைப் பகிர்ந்துகொண்டதால் கிடைத்த சிக்கனமே இவ்வமைப்பின் வலுவின்மையும் ஆயிற்று. சாலைகள் செப்பமடைந்து மோட்டார் வண்டிகள் பெருகியபோது, அதே சாலையில் தண்டவாளமே இன்றி ஓடும் பேருந்தோடு மோனோ ரயில் போட்டியிட வேண்டியதாயிற்று. அதன் வண்டிகள் சிர்ஹிந்து நிலையத்தின் அகலப்பாதையில் ஏற முடியாதவை. சரக்கு ஒவ்வொரு முறையும் இறக்கி ஏற்றப்பட்டது. 1927ஆம் ஆண்டு சேவை நின்றது. பொதுப்பணித்துறைக் கொட்டகையில் கேட்பாரற்றுக் கிடந்த எந்திரங்கள் 1962ஆம் ஆண்டு கண்டறியப்பட்டன. அவற்றுள் ஒன்று சீரமைக்கப்பட்டு டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றுள்ளது.

நிலைபெற்ற அமைப்புகள்: வூப்பர்டாலும் டோக்கியோவும்

மோனோ ரயில் எங்கும் தோற்றது என்று கூறிவிட இயலாது. ஜெர்மனியின் வூப்பர்டால் நகரில் 1901ஆம் ஆண்டு மார்ச் 1 அன்று மக்கள் பயன்பாட்டிற்கு வந்த தொங்கு ரயில் நூற்றாண்டைக் கடந்தும் இயங்குகிறது. கொலோன் நகரத்து ஓய்கன் லாங்கன் வகுத்த முறை அது. 13.3 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் வூப்பர் ஆற்றுக்கு மேலேயே செல்கிறது. குறுகிய பள்ளத்தாக்கில் நெருக்கமாக வளர்ந்த தொழில் நகரில் எஞ்சியிருந்த ஒரே வெற்றிடம் ஆற்றின் மேற்பரப்புதான். வேறு எந்த ஊர்தியும் போட்டியிட முடியாத வழியை அது தனதாக்கிக்கொண்டது.

டோக்கியோ மோனோ ரயில் 1964ஆம் ஆண்டு செப்டம்பர் 17 அன்று, ஒலிம்பிக் போட்டிகள் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன் திறக்கப்பட்டது. ஹமமத்சுச்சோவிலிருந்து ஹனேதா விமான நிலையம் வரை பெரும்பாலும் கால்வாய்களையும் கடலோரத்தையும் ஒட்டி அது சென்றது. அதன் தொழில்நுட்பம் ஜெர்மனியில் சோதிக்கப்பட்ட ஆல்வெக் முறையாயினும், ஹிட்டாச்சி நிறுவனம் அதனை உள்நாட்டிலேயே உற்பத்தி செய்தது. ஆகவே உதிரிபாகத்திற்கும் புதிய பெட்டிக்கும் அயல்நாட்டை எதிர்பார்க்கும் நிலை அங்கு எழவில்லை. சீனாவின் சோங்சிங் நகரமும் இதே வழியைப் பின்பற்றியது. ஜப்பானிய முறையைப் பெற்று, பெட்டிகளைப் பின்னர்ச் சாங்சுன் தொழிற்சாலையில் தானே செய்துகொண்டது. மலைப்பாங்கான அந்நகரில் 60 கிலோமீட்டரையும் கடந்த மோனோ ரயில் பாதை இன்று உள்ளது.

இதற்கு மாறாக ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 1988ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சிறு வளையப்பாதை நகரின் பிற ரயில் சேவைகளோடு சரிவர இணையவில்லை. 2013ஆம் ஆண்டில் மூடப்பட்டு அகற்றப்பட்டது.

மும்பை (2014 முதல்)

நவீன இந்தியாவின் முதல் மோனோ ரயிலை மும்பைப் பெருநகர வட்டார வளர்ச்சி ஆணையம் அமைத்தது. லார்சன் அண்டு டூப்ரோ நிறுவனமும் மலேசியாவின் ஸ்கோமி நிறுவனமும் இணைந்து அதனைக் கட்டின. வடாலா – செம்பூர் இடையிலான முதற்பகுதி 2014ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஜேக்கப் சர்க்கிள் வரையிலான இரண்டாம் பகுதி 2019ஆம் ஆண்டு மார்ச்சில்தான் திறக்கப்பட்டது. முழுப்பாதையின் நீளம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர், நிலையங்கள் 17.

இவ்விரு திறப்புகளுக்கும் இடைப்பட்ட காலம் இம்முறையின் சிக்கலை வெளிப்படுத்துகிறது. 2017ஆம் ஆண்டு நவம்பரில் மைசூர் காலனி நிலையத்தருகே ஒரு ரயிலின் இரு பெட்டிகள் எரிந்தன. பயணிகள் அதில் இல்லை எனினும் சேவை ஏறத்தாழ பத்து மாதங்கள் முடங்கியது. ஒப்பந்த நிறுவனம் போதிய ரயில்களையும் உதிரிபாகங்களையும் தராத நிலையில், 2018ஆம் ஆண்டு டிசம்பரில் ஆணையம் ஒப்பந்தத்தை முறித்து இயக்கத்தைத் தானே ஏற்றது. அப்பெட்டிகளுக்குப் பொருந்தும் உதிரிபாகம் வேறு ரயில்வேயிடம் கிடைக்காது. வேறு பெட்டிகள் அவ்வுத்திரத்தின் மீது ஓடா. பின்னர் ஹைதராபாத்தின் மேதா நிறுவனத்திடம் 10 புதிய ரயில்கள் தருவிக்க ஏற்பாடாயிற்று. ஹிட்டாச்சி தொடக்கத்திலேயே செய்ததை மும்பை காலந்தாழ்ந்து செய்ய நேர்ந்தது எனலாம்.

2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19 அன்று பெருமழையில் புறநகர் ரயில்கள் தடைப்பட்டபோது, மக்கள் மோனோ ரயிலை நாடினர். அளவுக்கு மீறிய சுமையால் ஒரு ரயில் மின்தொடர்பு இழந்து மைசூர் காலனி அருகே உயரத்தில் நின்றது. ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோரைத் தீயணைப்புத் துறையினர் ஏணிகளின் துணையோடு இறக்கினர். அடுத்த மாதமே சீரமைப்புக்காகச் சேவை நிறுத்தி வைக்கப்பட்டது. வழக்கமான நாள்களில் பயணியரின்றி ஓடிய ஊர்தி, மக்களுக்குத் தேவைப்பட்ட நாளில் அவர்களைத் தாங்க இயலாது போயிற்று என்பது இவ்வரலாற்றின் துயரமான முரணாகும்.

சென்னை: எழாத தூண்கள்

சென்னையில் மோனோ ரயில் 2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் ஆட்சி மாறியதும் மெட்ரோ ரயிலுக்கு முன்னுரிமை தரப்பட்டு, 2009ஆம் ஆண்டில் அதன் கட்டுமானம் தொடங்கியது. 2011ஆம் ஆண்டு ஆட்சி மீண்டும் மாறியபோது 111 கிலோமீட்டர் மோனோ ரயில் திட்டம் முன்வைக்கப்பட்டது. மெட்ரோவைவிடச் செலவு குறைவு, தூணுக்குச் சாலையில் சிறிது இடமே போதும் என்பன அப்போது கூறப்பட்ட காரணங்கள். பட்டியாலாவில் நூறாண்டுகளுக்கு முன் கூறப்பட்டவற்றின் மறுவடிவமாகவே இவற்றைக் காணமுடிகிறது.

ஒப்பந்தப்புள்ளிகள் பலமுறை கோரப்பட்டும் பணி எவருக்கும் வழங்கப்படவில்லை. இத்தொழில்நுட்பத்தை வழங்கவல்ல நிறுவனங்கள் உலகளவில் மிகச் சிலவே என்பதால் போட்டி எழவில்லை. திட்டம் சுருங்கிச் சுருங்கி, போரூர் – வடபழனி கிளையுடன் கூடிய பூந்தமல்லி – கத்திப்பாரா வழித்தடம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் அளவில் முன்னின்றது. மத்திய அரசு 2014ஆம் ஆண்டின் இறுதியில் அதற்குக் கொள்கையளவில் ஒப்புதல் அளித்தது. அதற்கு மேல் அது நகரவில்லை. இதற்கிடையே 2015ஆம் ஆண்டு ஜூன் 29 அன்று கோயம்பேடு – ஆலந்தூர் மெட்ரோ ஓடத் தொடங்கியது. பூந்தமல்லி, போரூர், வடபழனி ஆகிய பகுதிகள் பின்னர் மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி வழித்தடத்தில் சேர்க்கப்பட்டன. குண்டளையில் நிகழ்ந்ததைப் போன்றே இங்கும் ஒற்றைத் தண்டவாளத்தின் இடத்தை இரட்டைத் தண்டவாளம் ஏற்றது.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நாள்தோறும் பேருந்துக்குக் காத்து நின்ற மக்களுக்கு இத்தாமதத்தின் பொருள் வேறு. முதல் அறிவிப்புக்கும் மெட்ரோ இரண்டாம் கட்டக் கட்டுமானத்திற்கும் இடையே பத்தாண்டுகளுக்கும் மேல் கழிந்தன. இக்காலத்தை எந்தத் திட்டச் செலவுக் கணக்கும் காட்டுவதில்லை.

ஒப்பீடு

மேற்கண்ட வரலாறுகளை ஒருசேர நோக்கும்போது மூன்று உண்மைகள் புலனாகின்றன.

முதலாவது, சிக்கன வாதம் பெரும்பாலும் தொடக்கச் செலவை மட்டுமே கருதியது. இருபதாண்டுப் பராமரிப்பு, பெட்டிகளின் மாற்று, இறக்கி ஏற்றும் செலவு ஆகியன அதில் இடம்பெறவில்லை.

இரண்டாவது, தண்டவாளம் என்பது ஒரு பொதுமொழியைப் போன்றது. அளவு ஒன்றாயின் பெட்டி, பணிமனை, உதிரிபாகம், பயிற்சி பெற்ற பணியாளர் அனைத்தையும் பல பாதைகள் பகிர்ந்துகொள்ளலாம். மோனோ ரயில் ஒவ்வொன்றும் தனக்கே உரிய மொழியைப் பேசுகிறது. அதனைச் செய்தவர் விலகினால் பேச எவருமில்லை.

மூன்றாவது, இத்தனிமையைத் தாங்கும் ஆற்றல் சில இடங்களுக்கு உண்டு. வூப்பர்டாலில் நிலவமைப்பு அதனைத் தாங்கியது. டோக்கியோவிலும் சோங்சிங்கிலும் உள்நாட்டு உற்பத்தி தாங்கியது. பட்டியாலாவிலும் மும்பையிலும் இவ்விரண்டும் வாய்க்கவில்லை. மும்பையில் உள்நாட்டுப் பெட்டிகள் வரத் தொடங்கியுள்ளமை இந்நிலையை மாற்றக்கூடும்.

முடிவுரை

இந்தியாவில் மோனோ ரயிலின் வரலாறு ஒரு தொழில்நுட்பத்தின் தோல்வி வரலாறாக மட்டும் கொள்ளத்தக்கதன்று. ஒரே வாதம் நூறாண்டு இடைவெளியில் மீண்டும் எழுந்தபோது முந்தைய அனுபவம் அதனோடு உடன் எழவில்லை என்பதே அது உணர்த்தும் செய்தி. புதிய ஊர்தி ஒன்று முன்மொழியப்படும்போது கிலோமீட்டருக்கு எவ்வளவு செலவு என்னும் வினாவுக்கு முன்னதாக இரு வினாக்கள் எழுப்பப்பட வேண்டும். இது நகரின் எந்தப் பாதையோடு இணையும்? செய்தவர் விலகினால் இதனை ஓட்டவும் பழுது பார்க்கவும் வல்லவர் யார்? பட்டியாலாவின் எந்திரம் அருங்காட்சியகத்தில் பார்வைப் பொருளாக நிற்பதும், மும்பையின் உத்திரங்கள் புதிய பெட்டிகளை எதிர்நோக்கி நிற்க நேர்ந்ததும் இவ்வினாக்களின் இன்றியமையாமையைக் காட்டுகின்றன.