காற்றும் அதிகாரமும்: பம்பாயை முன்வைத்து

பாவனை என்றதும் சிறுபத்திரிகை வாசகருக்குப் போத்ரியா நினைவுக்கு வரலாம். நான் பேச வந்தது அதைவிட எளிய விஷயம். கட்டிடத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து, அதன் உள்வெளியையும் சுற்றுவெளியையும் சின்னச்சின்னக் கட்டங்களாக நறுக்கி, ஒரு பக்கத்திலிருந்து காற்றை விட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் அதன் வேகமும் திசையும் என்ன என்று கணக்கிடும் மென்பொருட்கள் இருக்கின்றன. ஃபேனும் ஏ.சி.யும் இல்லாமல் ஓர் அறைக்குள் காற்று வருமா என்பதைக் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடலாம். என்ஜினியர்கள் சமாச்சாரம் என்று நாம் ஒதுக்கிவிடுகிற இதற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு அரசியல் இருக்கிறது.

1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. காலனிய அரசின் சுகாதாரச் சொல்லாடலில் குற்றவாளி ஏழையின் வீடுதான். அதன் இருட்டு, அடைசல், கெட்ட காற்று. வெயிலும் காற்றும் உள்ளே வரட்டும் என்று கூரை ஓடுகளைப் பிரித்துப் போட்டார்கள். 'மனிதர் வாழத் தகுதியற்றது' என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைக் கதவுகளில் எழுதினார்கள்: யு.எச்.எச். 1898இல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைந்தது. நெரிசலை ஒழிக்க வந்த டிரஸ்ட் கட்டிக்கொடுத்ததைவிட முந்திக்கொண்டு இடித்தது. இடிபட்டவர்கள் எங்கே போவார்கள்? பக்கத்துச் சால்களில் போய் நெருக்கியடித்துக்கொண்டார்கள். அதே 1898இல்தான் பால்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், நெறிகட்டும் பிளேக்கை எலியிடமிருந்து கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி என்று காட்டினார். ஆக, பூச்சி பரப்பிய நோய்க்குக் காற்றின் பேரில் கூரை பிரிந்தது.

டிரஸ்டின் தலைவராக இருந்த ஜே.பி. ஓர், 1912இல் பம்பாய்க் குடியிருப்புகளின் வெளிச்சத்தையும் காற்றையும் பற்றி உரையாற்றினார். அவர் வலியுறுத்திய விதி 63½ பாகைக் கோணம். சுலபமாகச் சொன்னால், கட்டிடத்தின் உயரம் எதிரே விட்ட இடைவெளியைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. இதுவும் அதிகாரத்தின் கணக்குதான், சந்தேகமில்லை. ஆனாலும் எனக்கு இதன்மேல் கொஞ்சம் மரியாதை உண்டு. தாளில் ஒரு கோடு போட்டு யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம், நிபுணர் தேவையில்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1995இல் மகாராஷ்டிர அரசின் குடிசை மறுவாழ்வுத் திட்டம் குடும்பத்துக்கு 225 சதுர அடி இலவச வீடு என்றது. கட்டுபவர் பில்டர், அவருக்குக் கட்டுபடியாக வேண்டுமே! பிற கட்டிடங்களுக்கு இருந்த இடைவெளி விதிகள் இவற்றுக்குத் தளர்ந்தன. ரயில்பாதைக்கும் சாலைக்குமாகப் பெயர்த்தெடுக்கப்பட்டவர்களுக்கும் இதே அளவுகோல்தான். எம்-ஈஸ்ட் வார்டில் லல்லுபாய் காம்பவுண்டும் நட்வர் பாரேக் காம்பவுண்டும் அப்படி எழுந்தவை. நட்வர் பாரேக்கில் ஏழு மாடிகள். அடுத்த கட்டிடம் 3 மீட்டர் தள்ளி. ஓரின் கோட்டை இங்கே போட்டுப் பாருங்கள்: 20 மீட்டர் உயரத்துக்கு 10 மீட்டர் விட்டிருக்க வேண்டும்.

2018இல் டாக்டர்ஸ் ஃபார் யூ என்ற மருத்துவர் அமைப்பும் பம்பாய் ஐ.ஐ.டி. ஆய்வாளர்களும் சேர்ந்த ஓர் ஆய்வு வெளிவந்தது. வீடுவீடாகக் கேட்டதோடு, காற்றையும் வெளிச்சத்தையும் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்திருந்தார்கள். இந்த இரண்டு காம்பவுண்டுகளிலும் ஏறக்குறையப் பத்தில் ஒரு குடும்பத்தில் காசநோய். இடைவெளி கூடுதலாக விட்டுக் கட்டிய பி.எம்.ஜி. காலனியில் நூறில் ஒன்று. கீழ்மாடிகளில் நிலைமை இன்னும் மோசம். காசநோய்க் கிருமி இருமலில் வெளிப்பட்டு மணிக்கணக்கில் அறையில் மிதக்கும். புதுக்காற்று வந்தால்தான் அடர்த்தி குறையும். காற்றால் நிஜமாகவே பரவுகிற நோய்க்கு, காற்றை அடைத்துக் கட்டிக்கொடுத்திருக்கிறோம்.

"காத்தே வரல" என்று குடியிருப்பவர் சொன்னால் அது புலம்பல். நீலமும் சிவப்புமாகப் படம் போட்டால் ஆதாரம். இந்தப் படிநிலை எனக்கு எரிச்சலூட்டுகிறது. ஆனாலும் அந்தப் படத்தை வேண்டாம் என்று சொல்லத் தயாரில்லை. அதிகாரிக்கு முன்னால் வைக்க ஏதாவது வேண்டும். நான் கேட்பது வேறு: ஏன் குடியேற்றிப் பல வருஷம் கழித்து, இருமிய பிறகு? இக்கணக்குகளில் பரவலாகப் பயன்படும் கொந்தளிப்பு மாதிரியை லாண்டரும் ஸ்பால்டிங்கும் 1974இலேயே வெளியிட்டாயிற்று. கருவி இல்லாமல் இல்லை.

இன்னொன்று. மென்பொருளை ஓட்டுமுன் எல்லை நிலைகளைக் கொடுக்க வேண்டும்: காற்று எந்தத் திசை, என்ன வேகம், ஜன்னல் எவ்வளவு திறப்பு. நட்வர் பாரேக்கில் அந்த 3 மீட்டர் சந்து குப்பையால் நிறைந்து கிடந்தது. ஜன்னலைத் தொறந்தா நாத்தம், எலி. ஆகவே மூடியே வைத்தார்கள். குப்பை அள்ள நகராட்சி வருமா வராதா என்பதற்கு மென்பொருளில் கட்டம் கிடையாது. 'திறந்திருக்கிறது' என்று ஒருவர் தட்டிவிட்டால் திரையில் தென்றல் வீசும்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து போனவர்கள் தலைமுறைகளாக வாழும் தாராவியின் மறுகட்டுமானத்தைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. வரைபடத்தோடு வண்ணப் படங்களும் வரக்கூடும். அப்போது முதலில் கேட்க வேண்டியது: கீழ்த்தளத்து ஜன்னலைத் திறந்ததாக வைத்தீர்களா, மூடியதாகவா? யாரைக் கேட்டு வைத்தீர்கள்?