லபூன்: படகுவாழ் மோக்கன் மக்களின் பேரலை நினைவு

மியான்மரின் தென்கோடியில் உள்ள மெர்குய் தீவுக்கூட்டத்திலும், அதற்குத் தெற்கே தாய்லாந்தைச் சேர்ந்த சுரின் தீவுகளிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த மோக்கன் மக்களுக்குப் படகே வீடாக இருந்தது. கபாங் எனப்படும் அப்படகு, ஒற்றை மரத்தைக் குடைந்து தீயில் வாட்டி விரித்த அடிப்பகுதியின்மேல் பக்கச்சுவர் எழுப்பி, நடுவில் ஓலைக்கூரை வேய்ந்து, ஒரு குடும்பம் சமைக்கவும் உறங்கவும் இடம் தரும்படி அமைக்கப்பட்டது. வடகிழக்குப் பருவக்காற்றின் வறண்ட மாதங்களில் தீவுதீவாகச் சென்று மீன், சிப்பி, கடலட்டை ஆகியவற்றைச் சேகரித்த இவர்கள், தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் காற்று மறைவான விரிகுடாக்களில் கால்நட்ட குடில்களில் தங்கினர்.

எழுத்து வழக்கில்லாத இச்சமூகம் தன் கடலறிவைக் கதைகளிலேயே சேமித்துவைத்தது. மனிதரை விழுங்க வரும் பேரலையை லபூன் என்று பெயரிட்டு, அது வருமுன் கடல் உள்வாங்கும் என்றும் அப்போது மேட்டுக்கு ஓட வேண்டும் என்றும் முதியோர் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தனர். 2004 டிசம்பர் 26 அன்று சுரின் தீவுகளில் நீர் வடிந்ததைக் கண்ட முதியோர் இக்கதையை நினைவுகூர்ந்து எச்சரித்ததால், குடில்கள் அடித்துச் செல்லப்பட்டபோதும் அங்கிருந்த ஏறத்தாழ இருநூறு மோக்கன் மக்கள் அநேகமாக அனைவரும் பிழைத்தனர். கடலில் படகோடிருந்த சிலர் கரைக்குத் திரும்பாமல் ஆழத்தை நோக்கிச் சென்றனர்.

அம்முடிவின் பொருத்தத்தை இயற்பியல் தெளிவாக்குகிறது. ஆழிப்பேரலையின் வேகம் நீரின் ஆழத்தைப் பொறுத்தது என்பதால், 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் விரையும் அலை, 10 மீட்டர் ஆழத்தில் 36 கிலோமீட்டராகத் தளர்ந்து, பின்னிருந்து வரும் நீர் முன்னதன்மேல் குவிய உயர்ந்தெழுகிறது. அன்று பேரலையை எழுப்பிய நிலநடுக்கத்துக்கு இரண்டு மணிநேரத்துக்குப் பின் திறந்த கடலில் செயற்கைக்கோள் அளந்த உயரம் சுமார் 60 சென்டிமீட்டரே. ஆயினும், ஏற்கெனவே கடலில் உள்ள படகுக்கோ போதிய அவகாசம் உள்ள படகுக்கோதான் ஆழம் புகலிடமாகும்; கரையோரம் நங்கூரமிட்டுள்ள படகில் இருப்போர், நீர் வடிவதைக் கண்ட பின் அதைக் காக்க முயலாமல் கைவிட்டு மேடேறுவதே தகும். நீர் வடிவதும் எல்லாக் கரைக்கும் பொதுவான அறிகுறி அன்று: சுமத்ராவுக்கு அப்பால் நிலநடுக்கம் நேர்ந்த பிளவின் கிழக்குப் பக்கக் கடற்தளம் தாழ்ந்ததால் தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் உள்வாங்கியது, மேற்குப் பக்கம் உயர்ந்ததால் இலங்கை, தமிழகக் கரைகளை நோக்கி வந்த அலைக்கு முகடே முன்னணியாயிற்று.

இக்கதை எவ்வளவு பழையது என்பதற்கு மண்ணே ஒரு குறிப்பைத் தருகிறது. சுரினுக்குத் தென்கிழக்கே உள்ள பிரா தோங் தீவில் 2004ஆம் ஆண்டு அலை விட்டுச்சென்ற மணல் அடுக்குக்குக் கீழே, ஏறத்தாழ 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முற்பட்ட இன்னொரு மணல் அடுக்கை ஆய்வாளர்கள் கண்டறிந்து 2008இல் வெளியிட்டனர். லபூன் அந்த அலையின் நினைவுதான் என்று உறுதிசெய்ய இயலாது. ஆனால் இப்பகுதியின் கடலோரம் முன்பும் இத்தகைய அழிவைக் கண்டிருந்தது என்பது உறுதி.

கவலைக்குரியது பின்னர் நேர்ந்ததே. சுரின் 1981இல் தேசியப் பூங்காவான பின் கபாங் கட்டுவதற்கான பெருமரங்களை வெட்டுவது தடைப்பட்டது. 2004க்குப் பின் சிதறியிருந்த குடியிருப்புகள் ஒரே விரிகுடாவில் நெருக்கமாக அமைக்கப்பட்டு, 2019 பிப்ரவரியில் ஏற்பட்ட தீயில் அவற்றுள் பெரும்பாலான வீடுகள் எரிந்துபோயின. கடலின் நடத்தையை நாள்தோறும் கண்டு கதையைச் சரிபார்த்துக்கொண்ட வாழ்க்கைமுறை இவ்வாறு கரையில் முடக்கப்பட, இன்றைய மோக்கன் பிள்ளைகள் லபூனைக் கேள்விப்படுவது பெரும்பாலும் தரையில் நிலைத்த வீடுகளில் அமர்ந்துதான்.