பூதங்கள் கட்டிய ஊர்: மிகைபுனைவு குறித்துச் சில எண்ணங்கள்

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள ஓர் ஊரின் பெயரை நாம் இருவிதமாக எழுதிவருகிறோம். அரசு ஆவணங்களில் அது ‘பெரும்புதூர்’. வைணவ மரபில் ‘பெரும்பூதூர்’, வடமொழியில் ‘பூதபுரி’. ஓர் உகரம் நீண்டால் பொருள் மாறிவிடுகிறது. முன்னது புதிய ஊர்; பின்னது பூதங்களின் ஊர். இவற்றுள் எது மூலம், எது திரிபு என்ற சொல்லாராய்ச்சி இங்கே நம் நோக்கமன்று. ஓர் ஊர் தன்னைப் புதியது என்றும் பூதங்களுடையது என்றும் ஒருசேர எண்ணிக்கொள்ள முடிகிறது என்பதே நம் கவனத்துக்குரியது.

பூதபுரியின் தலபுராணம் சுருக்கமானது. சிவபெருமான் சடை விரிய ஆடியபோது பூதகணங்கள் நகைத்துவிட்டன. சினந்த இறைவன் அவற்றைத் தன் பணியிலிருந்து விலக்கினான். போக்கிடமற்ற பூதங்கள் திருமாலை நோக்கித் தவமிருந்தன. ஆதிசேடன் உண்டாக்கிய அனந்தசரஸ் என்னும் குளத்தில் நீராடிச் சாபம் நீங்கப் பெற்றன. நன்றிக் கடனாக ஆதிகேசவப் பெருமாளுக்குக் கோயிலும் ஊரும் எடுத்தன. 1017ஆம் ஆண்டு இராமாநுசர் பிறந்த ஊர் என்ற பெருமைக்கும் முற்பட்டதாக மரபு வைத்திருக்கும் கதை இதுதான். சமயப் பூசலின் சாயல் இதில் இல்லாமலில்லை. ஆயினும் அதை நீக்கிவிட்டுப் பார்த்தால் எஞ்சுவது வேறொன்று: சிரித்த குற்றத்துக்காக வேலை இழந்தவர்கள் இன்னோரிடம் தேடி வந்து ஓர் ஊரைக் கட்டுகிறார்கள்.

மிகைபுனைவு என்றதும் நம் இலக்கியச் சூழலில் இரண்டு மனப்பாங்குகள் எழுவதுண்டு. அதைப் பகுத்தறிவுக்கு ஒவ்வாத பழங்கதை என ஒதுக்குவது ஒன்று. இலத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த மாய யதார்த்தம் என்ற உத்தியாக மட்டும் அதைக் கொண்டாடுவது மற்றொன்று. திறனாய்வாளர் டோடோரோவ் 1970இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட நூலில், இயற்கையான விளக்கத்துக்கும் இயற்கை மீறிய விளக்கத்துக்கும் இடையே வாசகர் கொள்ளும் தயக்கமே மிகைபுனைவின் உயிர் என்றார். புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யை வாசிக்க இவ்வரையறை பெரிதும் உதவும். ஆனால் பழந்தமிழ்ப் பூதங்களிடம் அது செல்லுபடியாகாது. சிலப்பதிகாரத்தில் எவரும் பூதம் உண்டா இல்லையா என்று தயங்குவதில்லை. ஆகவே நாம் கேட்க வேண்டியது, பூதம் அங்கே என்ன வேலை செய்கிறது என்பதுதான்.

புகார் நகரத்துச் சதுக்கப் பூதத்தின் வேலை நீதி வழங்குவது. பொய்த்தவம் புனைவோர், பிறர்மனை நயப்போர், அரசனுக்குக் கேடு சூழும் அமைச்சர், பொய்ச்சாட்சி சொல்வோர் ஆகியோரைப் பாசத்தால் பிணித்துப் புடைத்து உண்பது அது. அடைக்கலக் காதையில் மாடலன் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறான். பத்தினி ஒருத்தி மீது பொய்ச்சாட்சி சொன்ன ஒருவனைப் பூதம் பற்றிக்கொள்கிறது. அவனுடைய தாயின் துயரைக் கண்ட கோவலன், அவனுக்கு மாற்றாகத் தன்னுயிரைத் தர முன்வருகிறான். பூதம் மறுத்துவிடுகிறது. தீயவனுக்கு ஈடாக நல்லவனைக் கொள்வது முறையன்று என்று சொல்லிக் குற்றவாளியையே உண்கிறது. கோவலன் அந்தத் தாயையும் சுற்றத்தாரையும் பல ஆண்டுகள் காக்கிறான்.

இதை மதுரைக் காண்டத்தில் வைத்துப் படிக்கும்போதுதான் இளங்கோவின் நோக்கம் விளங்குகிறது. பொற்கொல்லன் திருடிய சிலம்புக்காக, குற்றமற்ற அதே கோவலனைப் பாண்டியன் அவை கொன்றுவிடுகிறது. பூதம் ஏற்க மறுத்த பண்டமாற்றை மனிதர் அவை விசாரணையின்றி நடத்தி முடிக்கிறது. சதுக்கப் பூதம் இல்லையென்றாலும் காப்பியத்தின் கதை நகரும். ஆனால் அரச நீதியை அளந்து பார்க்க ஓர் அளவுகோல் இராது. மனிதரைக் காட்டிலும் நேர்மையான ஒன்றைக் காட்ட, மனிதரல்லாத ஒன்றைப் படைக்க வேண்டியிருக்கிறது.

சிற்பத்தில் பூதத்தின் வேலை வேறு. பல்லவர், சோழர் கோயில்களில் கூரை விளிம்பான கபோதத்துக்குக் கீழே, வலபியில், பூதவரி ஓடுவதைக் காணலாம். புள்ளமங்கைக் கோயிலின் பூதவரி இதற்குச் சிறந்த சான்று. குறுகிய கால், பருத்த வயிறு. ஒன்று மத்தளம் தட்டும், ஒன்று குழலூதும், ஒன்று முகத்தைக் கோணி நம்மைப் பழிக்கும். கோட்டத்தில் நிற்கும் தெய்வங்களுக்கு இலக்கணம் வகுத்த முகங்களே உண்டு. பூதங்களுக்கோ தனித்தனி முகங்கள். மேலிருக்கும் பாரம் அவற்றின் தலையில் இறங்குவதுபோலத் தோன்ற, அவை சிரித்துக்கொண்டிருக்கின்றன. கல் சுமந்தவர்களும் செதுக்கியவர்களும் தம் சாயலைப் பதித்துக்கொள்ளக் கிடைத்த இடம் இதுவாக இருக்கலாம் என்று எண்ணத் தோன்றுகிறது.

பெரும்புதூருக்கு அருகேயுள்ள குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், 12ஆம் நூற்றாண்டில் காரைக்காலம்மையாரின் வரலாற்றைப் பாடினார். கணவன் அஞ்சி விலகியபின், அழகிய உடலை உதறிப் பேய் வடிவை வேண்டிப் பெற்றவர் அம்மையார். பெண்ணுடலின் மீது குடும்பமும் ஊரும் கொண்ட உரிமையிலிருந்து விடுபட அவருக்குக் கிடைத்த ஒரே வாயில் பேயுருவம். அதே நூற்றாண்டின் தொடக்கத்தில் செயங்கொண்டார் கலிங்கத்துப் பரணியில் பேய்களுக்கென்றே ஓர் உலகைச் சமைத்தார். அதில் ‘பேய் முறைப்பாடு’ என்று ஒரு பகுதி உண்டு. பசியால் வாடிய பேய்கள் தம் தலைவியாகிய காளியிடம் திரண்டு சென்று முறையிடுகின்றன. பேரரசின் வெற்றியைப் பாட வந்த நூல், அவ்வெற்றியைப் பசித்தவர்களின் அடுப்படியிலிருந்து பார்க்க வைக்கிறது.

நீதி, சுமை, விடுதலை, முறையீடு ஆகிய இந்நான்கும் பழங்காலத்தோடு முடிந்தவையல்ல. மானுடவியலாளர் ஐவா ஓங் 1987இல் வெளியிட்ட நூல், மலேசியாவின் சிலாங்கூர் பகுதியில் மின்னணு ஆலைகளில் வேலைசெய்த இளம்பெண்கள் ஆவி பிடித்து அலறியதை ஆராய்கிறது. நிர்வாகம் அதை மனநோய் என்றது. ஓங் அதைக் கிராமத்திலிருந்து பெயர்க்கப்பட்ட உடல், இயந்திர ஒழுங்குக்கு எதிராக எழுப்பிய குரல் என்று வாசித்தார். மார்க்கேஸின் ‘நூறாண்டுத் தனிமை’யில் (1967) வாழைத்தோட்டத் தொழிலாளர் படுகொலையை நேரில் கண்டவன் சொல்வதை ஊரே நம்ப மறுக்கிறது. 1928இல் கொலம்பியாவில் உண்மையிலேயே நடந்த படுகொலை அதன் அடிப்படை. பறக்கும் கம்பளத்தை நம்பும் ஊர், பிணங்களை நம்புவதில்லை. அந்நாவலின் கொடிய மாயம் அதுவே.

இன்றைய பெரும்புதூருக்கு வருவோம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் முதல் ஹூண்டாய் கார் உருவாகி வெளிவந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. எட்டாண்டுகளில் எழுந்து மறைந்த அந்த நகரம் எந்தப் புராணத்துக்கும் குறைந்ததன்று. 2021 டிசம்பரில், இப்பகுதி மின்னணு ஆலை ஒன்றின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற நேர்ந்தது. தோழியர் சிலர் இறந்துவிட்டதாகச் செய்தி பரவ, பெண்கள் இரவோடு இரவாக நெடுஞ்சாலையில் அமர்ந்துவிட்டார்கள். எவரும் இறக்கவில்லை என்பது பின்னர் உறுதியானது. செய்தி பொய்தான். ஆனால் அப்பொய்யின் வடிவில் வெளிப்பட்ட அச்சம் மெய். தாம் காணாமற்போனாலும் எவரும் தேடமாட்டார்கள் என்ற அச்சத்துக்குப் பரணியின் பேய்களிடம் ‘முறைப்பாடு’ என்ற பெயரும், அதைக் கேட்க ஒரு காளியும் இருந்தார்கள். நெடுஞ்சாலையில் அமர்ந்தவர்களுக்கு ‘வதந்தி’ என்ற சொல் மட்டுமே தரப்பட்டது.

தமிழ்த் துறைகளில் நாம் இன்றும் பூதத்தையும் பேயையும் ‘இயற்கை இறந்த நிகழ்ச்சிகள்’ என்று ஐந்து மதிப்பெண் வினாவாக்கிக் கடந்துவிடுகிறோம். அதனால் இழப்பது, சொல்ல முடியாததைச் சொல்ல நம் முன்னோர் ஆக்கிவைத்த ஒரு மொழியை. ஒரகடத்தின் விடுதிகளில் தமிழோடு ஒடியாவும் இந்தியும் அசாமியும் பேசும் இளைஞர்கள் தங்கள் ஊர்ப் பேய்களையும் கூடவே அழைத்து வந்திருப்பார்கள். இரவுப் பணி முடிந்து பேருந்தில் திரும்புகையில் அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் கதைகளை இதுவரை யாரும் தொகுக்க முனைந்ததாகத் தெரியவில்லை. அவற்றைக் கேட்டு எழுதிவைப்பது நம் மாணவர்களால் செய்யக்கூடிய பணி. புதூரா பூதூரா என்ற வழக்கைத் தீர்ப்பதைவிட அது அவசரமானது.